மதுரைக் கத்தோலிக்கப் பங்குகளில் கிறிஸ்து பிறப்புக் காலம்

மதுரை கீழவெளி வீதியிலுள்ள தூய மரியன்னைப் பேராலயத்துக்கு டிசம்பர் 24 இரவு மட்டும் போய்த் திரும்புபவர்கள் விழாவில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்றே, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். பீடத்தருகே பசுந்தழை வளையம் வைத்து, மூன்று ஊதா மெழுகுதிரியும் ஒரு ரோஸ் மெழுகுதிரியும் நட்டு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். ரோஸ் திரி மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. இந்த நான்கு ஞாயிறும் திருப்பலியில் (பூசையில்) 'உன்னதங்களிலே' என்ற புகழ்ச்சிக் கீதம் பாடுவதில்லை. அது இல்லாமல் காத்திருந்தவர்களுக்குத்தான் 24 இரவு அதே கீதத்தோடு மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது உடல் சிலிர்க்கும்.

பாலன் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வேலையையும் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். சவுக்குக் கம்பு நட்டு, பனையோலையோ தென்னங்கிடுகோ வேய்ந்து, தரையில் வைக்கோல் பரப்புவார்கள். அதில் வைக்கும் சுரூபம் (உருவச்சிலை) வாங்க வேண்டிய இடம் விளாச்சேரி. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊரில் கொலு பொம்மை வேலை முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் செட் வேலை ஆரம்பித்துவிடும். மாதா, சூசையப்பர், குழந்தை, இடையர்கள், மூன்று ராஜாக்கள், சம்மனசு (வானதூதர்), ஆடு, மாடு, கழுதை, ஒட்டகம் எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்குவது நல்லது. உடைந்ததற்கு மட்டும் தனியாக வாங்கினால் இடையனைவிட ஆடு பெரிதாக நிற்கும். காகிதக்கூழ் சுரூபம் எடை குறைவு, தூக்கி வைக்க வசதி. திறந்த வெளிக் குடிலில் மார்கழிப் பனி இறங்கினால் காகிதக்கூழும் பிளாஸ்டர் சுரூபமும் ஊறிச் சாயம் உரியும். கூரைக்குள் ஒரு தார்ப்பாய் கட்டியாக வேண்டும்.

புல்லுக்குக் கேழ்வரகு முளை. மதுரைப் பக்கம் முளைப்பாரி தெரியாதவர்கள் இல்லை, அதே கைப்பக்குவம்தான். டிசம்பர் 15 இரவு ஊறவைத்து, மறுநாள், ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கும்போது, சலித்த எருவும் மண்ணும் கலந்த தட்டில் தூவ வேண்டும். ஓர் அடிச் சதுரத் தட்டுக்கு ஒரு கைப்பிடி போதும். நெருக்கித் தூவி நீரையும் அள்ளி ஊற்றினால் அடியில் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும், தெளித்தால் போதும். இருட்டிலேயே வைத்தால் மஞ்சளாக நீண்டு சாய்ந்துவிடும். கடைசி மூன்று நாள் வெளிச்சத்தில் வைத்தால் பச்சை பிடிக்கும். பஞ்சுப் பனியும் தெர்மாகோல் மலையும் வைத்த குடில்களைவிட இந்தப் பச்சைக்கு நடுவே படுத்திருக்கும் பாலனே நம் மண்ணின் பிள்ளையாகத் தெரிகிறார். சீரியல் விளக்கை மட்டும் வைக்கோலுக்குள் புதைக்கவே கூடாது. ஒட்டுப் போட்ட இடத்தில் பொறி தட்டினால் ஓலை முழுக்கப் பற்றிக்கொள்ளும்.

24-ஆம் தேதி வரை மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவே தீவனத்தொட்டி காலியாகவே இருக்கும். ராஜாக்கள் குடிலின் கடைசி மூலையில். அன்றிரவு உட்கார இடம் வேண்டுமென்றால் பத்தரைக்கே போய்விடுங்கள். விளக்குத்தூணிலிருந்து பேராலயத்துக்கு நடந்தே போகலாம், வண்டி நிறுத்தத்தான் இடம் கிடைக்காது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு அந்த வாரத் தொடக்கத்திலேயே போவது உத்தமம். 24 மாலை வரிசை நீளும், குருவாலும் நிதானமாகக் கேட்க முடியாது. நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் குடிக்கலாம்.

நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்படும். விசுவாச அறிக்கையில், இறைமகன் உடலெடுத்து மனிதரானார் என்ற இடம் வந்ததும் எல்லோரும் முழந்தாளிடுவார்கள். மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குவதோடு சரி. ஆண்டில் இந்த விழாவிலும் வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளிலும்தான் முழந்தாள். வழக்கம் தெரியாமல் பலர் நின்றபடியே விட்டுவிடுகிறார்கள். குருவானவர் பாலன் சுரூபத்தை ஏந்திக் குடிலில் கிடத்துவது சில பங்குகளில் கீதத்தின்போது, சில பங்குகளில் பூசை முடிந்தபின். அதன் பிறகு பாலனை முத்தமிட வரிசை. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வருகிறவர்கள் 25 காலைப் பூசைக்கு வரலாம், நெரிசல் குறைவு. அப்போது வாசிப்பது யோவான் முதல் அதிகாரம்: "வாக்கு மனிதர் ஆனார்."

அடுத்து வரும் வாரத்தில் இடைக்காட்டூருக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். ராமேஸ்வரம் சாலையில் திருப்புவனம் தாண்டி, மானாமதுரைக்கு முன்பாகத் திரும்ப வேண்டும், சுமார் 36 கிலோமீட்டர். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு பெர்தினாந்து செல் அடிகளார் 1894-இல் எழுப்பிய திருஇருதய ஆலயம் அது. விதவிதமான அச்சில் வார்த்த செங்கற்களையும் ஓடுகளையும் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும்.

ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறு மூன்று ராஜாக்கள் திருநாள். மூலையிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தப்பட்ட ராஜாக்கள் அன்றுதான் பாலனின் காலடியில் நிற்பார்கள். பெரும்பாலும் அதற்கடுத்த ஞாயிறு, ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாளோடு காலம் முடிந்து குடிலைப் பிரிப்பார்கள். முழுக் குடிலைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த இரண்டு ஞாயிறுக்கும் நடுவே போங்கள்.