வடக்கன்குளம் வரைக்கும் போகணும்

புனித தேவசகாயம் தொடர்பான இடங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலையோடு முடித்துக்கொள்வார்கள். எங்கள் திட்டமும் அதுதான். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பெரியம்மா மாற்றிவிட்டாள்.

"வடக்கன்குளம் வரைக்கும் போகணும், மக்கா. அந்தப் பொண்ணு அங்கதான கெடக்கா."

எந்தப் பொண்ணு என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சரி, வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஜனவரி 14 திருநாள் கூட்டத்தில் பெரியம்மாவால் நிற்க முடியாது. அதனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை கிளம்பியிருந்தோம்.

முதலில் புலியூர்க்குறிச்சி. தாகத்தில் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடித்தபோது பாறையிலிருந்து தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை அங்கேதான் இருக்கிறது. பெரியம்மா அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்தாள், கொஞ்சம் முழங்காலில் தடவிக்கொண்டாள், மீதியைப் பாட்டிலில் பிடித்து மூடினாள். பாட்டில் நிறைந்ததா என்று இரண்டு முறை பார்த்தாள்.

அதே ஊரில் உதயகிரிக் கோட்டை. அதற்குள் டிலனாயின் கல்லறை. யாத்திரைப் பட்டியலில் அது வராது, எனக்குத்தான் பார்க்க ஆசை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் அவர். பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்துப் பெரிய பதவிக்கு வந்தார். அரண்மனை அதிகாரியாக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு மாடும் பயிரும் அடுத்தடுத்துப் போய் மனசு உடைந்திருந்த நேரத்தில், எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கை விடாத விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான். அந்த நீலகண்ட பிள்ளைதான் பிறகு கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். கதை சொன்னவர் கிறிஸ்தவராகவே வாழ்ந்து 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், பக்கத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும் இடம் கொடுத்தார்கள். கதையைக் கேட்டவரின் உடலைக் காட்டில் வீசினார்கள். அந்நியன் எந்தச் சாமியைக் கும்பிட்டால் யாருக்கு என்ன, சொந்தக்காரன் மாறினால்தானே வலிக்கிறது. கல்லறை முன்னால் நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "அவனுக்கென்ன, நல்லாத்தான் இருந்தான்" என்றாள்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் கூட்டமில்லை. காட்டில் கிடந்த எலும்புகளை எடுத்து வந்து இந்தப் பீடத்தின் முன்னால்தான் அடக்கம் செய்தார்கள். பெரியம்மா வாசலில் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினாள். ஒன்றை ஏற்றி வைத்தாள், இன்னொன்றைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, பெயருக்கேற்ற காற்று. தேவசகாயத்துக்கு 1745 மே மாதம் திருமுழுக்கு, 1749-ல் கைது. எல்லாச் சாதிக்காரர்களோடும் சரிசமமாகப் பழகியதை மேல்சாதியார் பொறுக்கவில்லை. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய் தேய்த்தார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படி. 1752 ஜனவரி 14-ல் இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் முழங்காலிட்ட தடம் என்று பாறையில் ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறையும் உண்டு. அவர் இறந்த நேரத்தில் இங்கே மணியோசை கேட்டது என்பது மக்களின் நம்பிக்கை. ஒரு சிறுவன் சின்னக் கல்லால் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள்.

வியாகுல அன்னை ஆலயத்துத் திண்ணையில் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தோம். அப்போதுதான் கேட்டேன், எந்தப் பொண்ணு என்று.

"ஞானப்பூ. அவரு பெண்டாட்டி."

பார்கவி அம்மாள் என்று பெயர். கணவர் வற்புறுத்தியதால் திருமுழுக்குப் பெற்றுத் தெரேசாள் ஆனார், தமிழில் ஞானப்பூ. கணவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு சொந்தக்காரர்களிடம் பாதுகாப்பில்லை. திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி வடக்கன்குளத்துக்குப் போய்த் தங்கினார். கணவர் சுடப்பட்ட பிறகும் 14 வருஷம் அங்கேயே வாழ்ந்து, 1766-ல் இறந்தார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். தேவசகாயத்தின் படம் எங்கள் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது. ஞானப்பூவின் படத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

பெரியப்பா உபதேசியாராக இருந்தவர். சாமியார் வந்துசேர முடியாத கிளைப் பங்குகளில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, சாவு வீட்டில் அடக்கச் செபம், எல்லாம் அவர்தான். சம்பளம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும். கிறிஸ்துமஸ் இரவில் அவர் வீட்டில் இருந்ததில்லை. இரண்டாவது அக்கா பிறந்தபோது பக்கத்து ஊரில் யாருடைய அடக்கத்திலோ இருந்தார். ஒரு சிற்றாலயத்துக்கு ஓடு வாங்கப் பெரியம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. திரும்பி வரவே இல்லை. அவர் இறந்தபோது எல்லாரும் அவருடைய தியாகத்தைப் பற்றிப் பேசினார்கள், நானும் பேசினேன்.

"அவருக்கு அழைத்தல் வந்துச்சு, மக்கா. என்ன யாரும் கூப்பிட்டுக் கேக்கல."

"வருத்தமா இருக்கா, பெரியம்மா?"

"உண்டு." கொஞ்ச நேரம் காற்றாலைகளைப் பார்த்தாள். "வருத்தம் இருக்குங்கதுக்காக அவரு செஞ்சது பொய்யின்னு சொல்லுவேனா?"

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்லும் பகுதியைப் பெரியப்பா அடிக்கடி எடுத்து விளக்குவார். அவர் கணக்குப் போடாதவர் இல்லை. போட்ட கணக்கில் கம்மலும் இருந்திருக்கும். அது யாருடைய காது என்பதையும் எழுதியிருந்தாரா என்று அந்தத் திண்ணையில்தான் முதன்முதலாக யோசித்தேன். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. நான் செபம் சொல்லப் பழகியதே அவர் வாயைப் பார்த்துத்தான்.

வடக்கன்குளம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தேவசகாயத்துக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஊர். இதே ஊரில்தான் பின்னாளில் சாதிக்கொரு பக்கமாக நடுவில் சுவர் வைத்துக் கோயில் கட்டி, 1910-ல் அந்தச் சுவரை இடிக்கும்படி ஆனது. எல்லாரோடும் பழகினார் என்பதற்காக அடிவாங்கியவருடைய திருமுழுக்கு ஊரில் இப்படி ஒரு சுவர். பெரியம்மாவிடம் சொன்னேன். "மனுசன் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்கப் போய்விட்டாள்.

2022 மே 15-ல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை நாங்கள் எல்லாரும் சேர்ந்து டிவியில் பார்த்தோம். ரோமில் அவ்வளவு கூட்டம். இங்கே ஞானப்பூவின் கல்லறைக்கு முன்னால் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

பெரியம்மா பையைத் திறந்தாள். கோட்டாறில் வாங்கிய இரண்டாவது மெழுகுவர்த்தி வண்டிச் சூட்டில் வில்லாக வளைந்திருந்தது. வேறு வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சப்பாத்தி மாவு உருட்டுவதுபோல மெதுவாக உருட்டினாள். முழுசாக நேராகவில்லை. போதும் என்று கல்லின் ஓரத்தில் நிறுத்தினாள். முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரில் பாதியைக் கல்லறை மேல் ஊற்றினாள்.

காற்றில் முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில் திரி பிடித்தது. நான் குனிந்து, இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா அருள்நிறை மரியே சொல்ல ஆரம்பித்தாள்.