மண்வாழ் உயிர்களின் பாதுகாப்பைப் படிப்பவர்கள் குழியின் அளவிலிருந்து தொடங்கலாம்

சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலையின் இறுதிப் பருவத்தில் நான் மண்புழுக்களைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். ஒரு தென்னந்தோப்பிலும் அதையடுத்த தரிசிலும், அகலத்தை அளக்காமல், ஏறத்தாழ 20 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி, கிடைத்த புழுக்களைக் கையால் பொறுக்கி எண்ணியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, இந்த எண்ணிக்கையை வேறெந்த ஆய்வோடு ஒப்பிட முடியும் என்பதுதான். எனக்கு விடை தெரியவில்லை.

விடையைத் தேடியபோதுதான் பன்னாட்டு ஒத்துழைப்பு என்பது என்னவென்று விளங்கியது. வெப்பமண்டல மண் ஆய்வாளர்கள் 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் கொண்ட மண்கட்டியைப் பொது அளவாகக் கொண்டு, அதை 10 செ.மீ. அடுக்குகளாகப் பிரித்து உயிர்களை எண்ணுகிறார்கள். பிரேசில், மெக்சிகோ, ஐவரி கோஸ்ட், கென்யா, உகாண்டா, இந்தோனேசியா, இந்தியா ஆகிய ஏழு நாடுகள் சேர்ந்து நிலத்தடி உயிரிப் பன்மையை ஆராய்ந்த திட்டத்தில், நம் நாட்டிலிருந்து நீலகிரி, நந்தாதேவி உயிர்க்கோளக் காப்பகப் பகுதிகள் இடம்பெற்றன. முறை ஒன்றாக இருந்தால்தான் நீலகிரியின் எண் கென்யாவில் இருப்பவருக்கும் பொருள் தரும்.

ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் எதை உருவாக்கியது என்பதோடு சேர்த்துப் படியுங்கள். உயிரிப் பன்மை உடன்படிக்கை நாடுகள் 2002-ல் ஹேக் நகரில் கூடி, மண்ணுயிர்ப் பன்மைக்கெனத் தனி முன்முயற்சியைத் தொடங்க முடிவெடுத்தன, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அதன் ஒருங்கிணைப்பில் பங்கேற்றது. 2016-ல் மண்ணுயிர்ப் பன்மையின் உலக வரைபடநூல் வந்தது. உயிரிப் பன்மையைக் காக்க அதே உடன்படிக்கையின் கீழ் 2022-ல் ஏற்கப்பட்ட குன்மிங்–மான்ட்ரியல் கட்டமைப்பில் மண்வளம் 11-ஆம் இலக்கில் இடம்பெற்றது.

நேரம் கிடைத்தால் 2019-ல் வெளியான மண்புழுக்களின் உலகளாவிய பரவல் குறித்த ஆய்வை நிதானமாகப் படியுங்கள். 57 நாடுகளில் 6,900-க்கும் மேற்பட்ட இடங்களின் தரவு அதில் சேர்க்கப்பட்டது. ஓர் இடத்தில் காணப்படும் மண்புழு இனங்களின் எண்ணிக்கை வெப்பமண்டலத்தைவிட மிதவெப்ப மண்டலத்தில் பெரும்பாலும் கூடுதலாக இருந்தது. இதைப் படித்தவுடன், வெப்பமண்டலத்தில் புழு இனங்கள் குறைவு என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். அந்தத் தவற்றை நானே செய்தேன். ஓரிடத்தின் எண்ணிக்கை வேறு, ஒரு வட்டாரம் முழுவதன் எண்ணிக்கை வேறு. வெப்பமண்டலத்தில் இடத்துக்கு இடம் இனங்கள் மாறிக்கொண்டே போவதால் வட்டாரக் கணக்கு பெரிதாகிவிடக்கூடும். மேலும், மாதிரிகள் குறைவாக எடுக்கப்பட்டதும் இந்த நிலங்களில்தான். நம் மண்ணைப் பற்றி இன்னும் எவ்வளவோ எண்ணப்படாமல் இருக்கிறது என்பதே என்னை இத்துறையில் இருத்தியது.

இனி, மண் எல்லை கடக்கும்போது எழும் உரிமைக் கேள்வி. 2010-ல் ஏற்கப்பட்டு 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, மரபு வளங்களின், அதாவது உயிர்களிலுள்ள பயன்தரும் மரபணுப் பொருள்களின், பயனை அவை எடுக்கப்பட்ட நாட்டோடு நியாயமாகப் பகிரச் சொல்கிறது. இந்தியாவில் 2002-ன் உயிரிப் பன்மைச் சட்டத்தின்படி இவற்றைக் கவனிக்கும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் எண்ணம் இருந்தால், தோண்டுவதற்கு முன்பே இந்தச் சட்ட விதிகளை வழிகாட்டியுடன் உட்கார்ந்து படித்துவிடுங்கள். களக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் குழியின் நீள அகல ஆழம், நாள், கடைசியாக மழை பெய்த நாள், பயிர் ஆகியவற்றை எழுதிவிட்டு, அதன் பிறகு மண்வெட்டியை எடுங்கள்.