புயல் கரையைக் கடந்த பிறகு வரும் பத்து நாள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியையொட்டித் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களிலேயே அவசரகாலப் பை பற்றிய அறிவுரைகள் எல்லாப் பக்கமும் வரத் தொடங்கிவிடும். டார்ச் லைட், மெழுகுவத்தி, பிஸ்கட், மூன்று நாளைக்குத் தண்ணீர், குடும்ப அட்டையையும் பட்டாவையும் நனையாமல் வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை என்று அந்தப் பட்டியல் போகும். அதில் எதுவும் தவறில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியொரு பை உண்டு. ஆனால் வேதாரண்யம் வட்டத்தில் வாழ்ந்து, கஜா புயலையும் அதற்குப் பிந்தைய வாரங்களையும் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாம் புயல் அடிக்கும் அந்த ஓர் இரவுக்குத்தான் தயாராகிறோம். அது போன பிறகு வரும் பத்துப் பதினைந்து நாளுக்குத் தயாராவதே இல்லை. அந்த நாள்களை ஒரு வீட்டின் பை தாங்காது. ஊர்தான் தாங்க வேண்டும்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு ஒக்கி புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் சிக்கி மாண்ட துயரம் எல்லார் நினைவிலும் இருந்ததால், இந்த முறை படகுகள் முன்கூட்டியே கரைக்கு வந்துவிட்டன. 1977 நவம்பர் புயலில் நூற்றுக்கணக்கானோரையும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் பறிகொடுத்த கடற்கரை இது. கஜாவிலும் உயிர்கள் போயின, ஆனால் அந்தப் பழைய எண்ணிக்கைகளின் பக்கத்தில் வைக்கக்கூடிய அளவில் இல்லை. எச்சரிக்கை கொடுப்பதையும் ஆட்களை வெளியேற்றுவதையும் நாம் கற்றுக்கொண்டுவிட்டோம் என்பதை மனமாரச் சொல்ல வேண்டும்.

விடிந்த பிறகு நடந்ததுதான் வேறு. வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்து கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. பிரதான சாலையை ஓரிரு நாளில் திறந்துவிட்டார்கள். உள்கிராமங்களுக்கான சாலைகளில் மரம் அப்படியே கிடந்தது. அன்று எங்கள் பகுதிக்கு மிக அவசரமாகத் தேவைப்பட்டது உணவுப் பொட்டலம் என்று வெளியூரில் இருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் தேவைப்பட்டது மரம் அறுக்கும் மிஷின், அதற்குப் பெட்ரோல், அதை ஓட்டத் தெரிந்த ஆள். அரிவாளையும் கோடாரியையும் வைத்துக்கொண்டு ஒரு முழுத் தென்னையை அப்புறப்படுத்த எவ்வளவு நேரமாகும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதை திறக்காதவரை ஆம்புலன்ஸும் வராது, தண்ணீர் லாரியும் வராது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிநீர் கொள்ளிடம் ஆற்றுப் படுகையிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியாக, இடையிடையே நீரேற்று நிலையங்களைக் கடந்து வருகிறது. வழியில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு மின்சாரம் இல்லையென்றாலும் கடைக்கோடியில் இருக்கும் குழாய் வறண்டுவிடும். ஊருக்குள்ளேயே நல்ல ஆழ்துளைக் கிணறு இருந்தாலும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை நிரப்ப மோட்டார் ஓட வேண்டும். கஜாவுக்குப் பிறகு ஊர் ஊராக ஜெனரேட்டரைத் தேடி அலைந்ததும், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மோட்டாரை ஓட்டியதும் இதனால்தான். ஜெனரேட்டர் கிடைத்த இடத்திலும் சிக்கல் இருந்தது. மும்முனை மோட்டாருக்கு ஒருமுனை ஜெனரேட்டர் பயன்படாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆகையால் மோட்டாரின் குதிரைத்திறனுக்குச் சரியாக இருக்கிறதென்று எடுத்து வந்த ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். மின்வாரியக் கம்பியையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக இணைத்தால், ஜெனரேட்டரின் மின்சாரம் அந்தக் கம்பியில் பின்னோக்கிப் பாய்ந்து, தொலைவில் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே ஓர் ஊராட்சி செய்ய வேண்டிய முதல் வேலையாக நான் கருதுவது மிகச் சாதாரணமானது. மோட்டார் அறையில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் பொருத்த வேண்டும். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) ஜெனரேட்டர் வேண்டும் என்பதை அந்தச் சுவரிலேயே பெயின்டால் எழுதி வைக்க வேண்டும். அந்த அளவுள்ள ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, கல்யாணப் பந்தல்காரரிடமா, இறால் பண்ணையிலா, ஐஸ் கம்பெனியிலா என்பதைக் கேட்டு, புயல் சமயத்தில் என்ன வாடகை என்பதையும் வெயில் காலத்திலேயே பேசி முடிக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு பேசினால் வாடகை எங்கே போய் நிற்கும் என்பதை எல்லாரும் பார்த்தோம். ஊரில் உள்ள கைப்பம்புகளைப் புரட்டாசிக்குள் பழுது பார்ப்பதும் இதனோடு சேர்ந்ததே. பிளீச்சிங் பவுடரைத் திறந்த சாக்கில் வைத்தால் வீரியம் போய்விடும் என்பதால், மூடிய வாளியில் புதிதாக வாங்கி வைக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது தொட்டி இயக்குபவருக்குக் கைப்பழக்கம். அதை இன்னும் இருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் அவர் வர முடியாத நாளிலும் வேலை நடக்கும்.

கருவி வாங்கி வைப்பது மட்டும் போதாது என்பதற்கு நல்லவாடு நல்ல சான்று. புதுச்சேரியையொட்டிய அந்த மீனவ கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையத்தை அமைத்து, கடலின் நிலவரத்தை ஒலிபெருக்கியில் அன்றாடம் அறிவித்துவந்தது. 2004-இல் ஆழிப்பேரலை வந்த அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தச் செய்தி ஒலிபெருக்கியில் போனது. ஊர் மக்கள் வெளியேறித் தப்பினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்த ஒலிபெருக்கி பேரிடருக்கென்று பூட்டி வைக்கப்பட்டதாக இல்லாமல் தினசரிப் புழக்கத்தில் இருந்தது என்பதே. அதை எப்படி இயக்குவது என்று பலருக்குத் தெரிந்திருந்தது. அதில் வரும் குரலை ஊர் நம்பிப் பழகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றிலும் ஒலிபெருக்கி உண்டு. அவற்றில் ஒன்றுக்காவது பேட்டரி இணைப்பு இருந்தால், செல்போன் கோபுரங்கள் ஓய்ந்த பிறகும் ஊரோடு பேச முடியும்.

அன்றாடம் புழங்கும் பொருள் எப்படிப் பேரிடரில் கை கொடுக்கிறது என்பதை 2023 டிசம்பரில் தென் மாவட்டங்கள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நிவாரணம் எட்டுவதற்கு முன்பே பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்களிடமிருந்த அரிசியைச் சேர்த்துக் கோயிலில் சமைத்து அவர்களுக்குப் பசியாற்றினார்கள். கொடை விழாவுக்கு ஊரே சேர்ந்து பொங்கிப் போட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு நானூறு ஐந்நூறு பேருக்குச் சமைப்பது புதிதல்ல. அண்டா எங்கே இருக்கிறது, விறகு எங்கே நனையாமல் இருக்கிறது, யார் உலை வைப்பார், யார் பரிமாறுவார் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம் ஊர்களின் அவசரகால இருப்பு என்று கணக்கெடுத்தால் இதையெல்லாம் எழுத வேண்டும்.

எழுதுவது என்று சொன்னேன். அதைத்தான் மிகுந்த அக்கறையோடு வலியுறுத்துகிறேன். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நோட்டு வேண்டும். அதை மகளிர் சுயஉதவிக் குழு வைத்திருப்பதே சிறந்தது, ஏனென்றால் எந்த வீட்டில் யார் எப்படி இருக்கிறார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். நிறைமாதக் கர்ப்பிணி யார், படுத்த படுக்கையாக இருப்பவர் யார், தனியாக வாழும் முதியவர் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார் என்பது ஒரு பக்கத்தில் இருக்கட்டும். டிராக்டர், மரம் அறுக்கும் மிஷின், படகு, தார்ப்பாய், வடக்கயிறு யாரிடம் என்பது எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மின்சாரம் இல்லாத நாள்களில் ஒரு மண்பானைக்குள் ஈரமணல் பரப்பி, அதில் சிறு பானையை வைத்து மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியாகக் காக்கும் முறையைக் கிராமச் செவிலியர் முன்கூட்டியே காட்டிவிடலாம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கூடுதலாக இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வைத்திருக்க மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். இன்னொன்று, 2018-ஐவிட இன்று நாம் செல்போன் வழியே பணம் கொடுப்பதற்கு வெகுவாகப் பழகிவிட்டோம். மின்சாரமும் இணையமும் போனால் அந்தப் பணம் கையில் இருந்தும் இல்லாததுதான். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த நோட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. கஜாவின்போது தமிழ்நாடு முழுவதிலிருந்தும் நல்லுள்ளங்கள் லாரி லாரியாகப் பொருள் அனுப்பினார்கள். அவற்றில் பெரும்பங்கு பிரதான சாலையோர ஊர்களிலேயே இறங்கிவிட்டது. பழைய துணி குவிந்த இடத்தில் தார்ப்பாய் இல்லை. பிஸ்கட் மிஞ்சிய இடத்தில் நாப்கினும் கொசுவத்தியும் இல்லை. உதவி கேட்டு ஒரு தொலைபேசி அழைப்புக்கு மட்டும் சிக்னல் கிடைக்கும்போது, ‘எங்கள் தெருவில் இத்தனை வீடு, கைக்குழந்தை இத்தனை, கூரை போன வீடு இத்தனை, இன்னின்ன பொருள் வேண்டும்’ என்று சொல்ல முடிகிற ஊருக்கு உதவி சரியாக வந்து சேரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களை அந்த நோட்டின் அட்டையிலேயே எழுதிவிடலாம்.

வங்கதேசத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 1970 நவம்பர் புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் அங்கே இறந்தார்கள். 1972-இல் செஞ்சிலுவை இயக்கத்தின் துணையோடு அவர்கள் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம், கிராமத்துத் தன்னார்வலர்களை நம்பியது. அவர்கள் கொடியேற்றியும் மெகாபோனில் கூவியும் வீடு வீடாகச் சென்று எச்சரிப்பார்கள். இருந்தும் 1991-இல் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் மாண்டார்கள், பாதுகாப்பு மையங்கள் போதாமல் இருந்தன. மையங்களும் தன்னார்வலர்களும் பெருகிய பின் 2007-இல் வந்த சித்ர் புயலில் அந்த எண்ணிக்கை சுமார் 3,500 ஆகக் குறைந்தது. அவர்கள் வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்ட ஒன்று, மாட்டுக்கு இடமில்லாவிட்டால் மனிதர் வரமாட்டார் என்பது. அதற்காகவே கால்நடைகளை ஏற்றி வைக்க மண்மேடுகளைக் கட்டினார்கள். கஜாவுக்கு முந்தைய மாலையில் எங்கள் பக்கத்து மூதாட்டி ஒருவர், முகாமுக்கு அழைக்கப் போன இளைஞர்களிடம், ‘கண்ணுக்குட்டியக் கட்டிப் போட்டுட்டு நான் எங்க தம்பி வர்றது?’ என்று கேட்டுத் தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்விக்கு நம் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் பலவற்றில் இன்றும் பதில் இல்லை. பெண்கள் முகாமுக்குத் தயங்குவதற்கும் இதே போன்ற நேரடியான காரணங்கள்தான், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும் இருட்டும்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். எச்சரிக்கை வந்தவுடன் இளநீரையும் முற்றிய காயையும் இறக்கி, காய்ந்த மட்டைகளைக் கழித்துவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறைந்து காற்றைத் தாங்கும் வாய்ப்புக் கூடும் என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள். ஆனால் மரமேறும் ஆட்கள் அந்த ஒரே நாளில் எல்லாத் தோப்புக்கும் கிடைக்கமாட்டார்கள் என்பதால், இதையும் முறை வைத்து முன்கூட்டியே செய்ய வேண்டும்.

இதையெல்லாம் பேச இடம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் நோட்டுகளைத் தொடங்குவதென்று தீர்மானித்து, மழைக்குச் சற்று முன்னால் வரும் அக்டோபர் 2 கிராம சபையில் அவற்றை வாசித்துச் சரிபார்க்கலாம். அப்படி வாசிக்கும்போது விடுபடக்கூடியவர்கள் யார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இறால் பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு இங்கே குடும்ப அட்டை கிடையாது, வாக்காளர் பட்டியலில் பெயர் கிடையாது. தகரக் கொட்டகையில், பெரும்பாலும் நீருக்கு மிக அருகில் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கையையும் மேஸ்திரியின் தொலைபேசி எண்ணையும் தெரு நோட்டில் சேர்க்க வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பை இந்தியிலும் ஒருமுறை சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த ஒருவரை அவர்களிலிருந்தே தேர்ந்தெடுத்து, அக்டோபர் 2 கூட்டத்துக்கு அழைத்து உட்கார வைத்தால் அந்த வேலையும் முடிந்துவிடும்.