செபோலியாவா, மெயின்நெட்டா?

ஜூன் 9, 2025, திங்கள்

சந்தை நாள். வாசலில் ஒரே இரைச்சல். காலை பதினொரு மணிக்கு, எத்திரியம் பிளாக்செயினில் ஓடும் கான்ட்ராக்ட் என்ற நிரல் ஒன்றை, சோதனைக்கான டெஸ்ட்நெட்டில் ஏற்றுவதாக நினைத்து நிஜப் பணம் ஓடும் மெயின்நெட்டில் ஏற்றிவிட்டேன். கட்டணமாக, அதாவது காஸாக, எத்திரியத்தின் நாணயமான ஈதரில் 0.0026 போனது, ஏறக்குறைய ரூ.560. தொகை பெரிதில்லை. ஆனால் அந்தக் கணக்கில்தான் மூன்று மாத வேலைக்கூலி கிடக்கிறது. வயிறு கலங்கிவிட்டது.

நேற்று ராத்திரி கூலி வந்துவிட்டதா என்று பார்க்க, கணக்கை வைத்திருக்கும் வாலட் செயலியை மெயின்நெட்டுக்கு மாற்றினேன். திரும்ப செபோலியா என்ற டெஸ்ட்நெட்டுக்கு மாற்றாமலே படுத்துவிட்டேன். காலையில் கான்ட்ராக்ட் எழுதும் ரீமிக்ஸ் தளத்தில், அதை ஏற்றும் டிப்ளாய் பொத்தானை அழுத்தியதும் வாலட் சம்மதம் கேட்டது. ஒரு நாளில் நாற்பது தடவை கேட்கிற கேள்வி. படிக்காமலே கன்ஃபர்ம் கொடுத்தேன். அப்புறம் செபோலியாவின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடுகிறேன், தேடுகிறேன், கான்ட்ராக்டைக் காணோம். மெயின்நெட்டில் போய்ப் பார்த்தால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பதிவை இனி யாராலும் அழிக்க முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

ராத்திரி முழுக்க இதே யோசனை. எத்திரியம் வாலட்டில் மெயின்நெட்டுக்கும் டெஸ்ட்நெட்டுக்கும் பரிவர்த்தனைக்குக் கையெழுத்துப் போடும் சாவி ஒன்றுதான், முகவரியும் ஒன்றுதான். 0x என்று தொடங்கும் அந்த நீள வரியில் ஓர் எழுத்துகூட மாறாது. மாறுவது நெட்வொர்க்கின் பெயரும் அதற்குப் பின்னால் இருக்கும் செயின் எண்ணும்தான். மெயின்நெட்டுக்கு 1, செபோலியாவுக்கு 11155111.

அந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 2016 ஜூலையில் எத்திரியம் இரண்டாகப் பிரிந்தபோது ஒரு செயினில் கையெழுத்துப் போட்ட பரிவர்த்தனையை அப்படியே எடுத்து இன்னொன்றிலும் ஓட்ட முடிந்தது. ஒரு பக்கம் அனுப்பியவர்களுக்கு மறுபக்கமும் பணம் போனது. அந்த வருடக் கடைசியில்தான் கையெழுத்துக்குள்ளேயே செயின் எண்ணைச் சேர்க்கும் முறை வந்தது. அதனால் செபோலியாவுக்கு நான் போட்ட கையெழுத்தை வேறு யாரும் மெயின்நெட்டில் ஓட்ட முடியாது. ஆனால் நானே மெயின்நெட்டில் நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டால் அந்த எண் என்னைத் தடுக்காது.

பிட்காயின் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அங்கே இப்போது பரவலாக இருக்கும் முகவரி மெயின்நெட்டில் bc1 என்றும் டெஸ்ட்நெட்டில் tb1 என்றும் தொடங்கும். மாற்றி ஒட்டினால் வாலட்டே தப்பான முகவரி என்று சொல்லிவிடும். எத்திரியத்திலும் இப்படி ஒன்றை முதலிலேயே வைத்திருக்கலாம் என்று மனசார நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து சாரல். உலாவியில் தனி புரொஃபைல் திறந்து, புது 12 ரகசிய வார்த்தைகளோடு (வாலட்டின் சாவி இவற்றிலிருந்துதான் பிறக்கிறது) சோதனைக்கென்றே ஒரு வாலட் போட்டேன். பழைய வார்த்தைகளை அங்கே கொண்டுபோகவே இல்லை.

டெஸ்ட் ஈதர் வாங்கப் போனால் ஒரு சிக்கல். அதை இலவசமாகத் தரும் ஃபாசெட் தளங்களில் சில, மெயின்நெட்டில் கொஞ்சமாவது நிஜ ஈதர் வைத்திருக்கும் முகவரிக்குத்தான் தருகின்றன. தானாக ஓடும் 'பாட்' நிரல்கள் வந்து மொத்தத்தையும் அள்ளிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர் என்ன செய்வார்? நிஜப் பணம் இருக்கும் கணக்கையே சோதனைக்கும் வைத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் ஒன்றாக்கிக் கொண்டேன். இன்று பழைய கணக்கில் கிடந்த டெஸ்ட் ஈதரை எல்லாம் புதுக் கணக்குக்கு அனுப்பினேன்.

அப்புறம் வேண்டுமென்றே மெயின்நெட்டுக்கு மாற்றி டிப்ளாய் அழுத்திப் பார்த்தேன். காஸுக்கு ஈதர் போதாது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. கன்ஃபர்ம் பொத்தான் மங்கிப்போய் அழுத்த வரவில்லை. அந்தக் காலி கணக்கைப் பார்க்க அவ்வளவு நிம்மதி.

ஜூன் 15, ஞாயிறு

குளச்சலில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஜூன் 1 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கரையில் நிற்கிறது. சாப்பிட்டு முடித்ததும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். சித்திக்குத் தெரியாதாம். போனை நீட்டினார். வாலட்டில் அரை ஈதர்.

"சந்தையில ஒரு லட்சத்துக்கு மேல போகுமாம். எனக்கு 40,000-க்கு தந்தான். நெசமாக்கும் மக்ளே, அனுப்புன உடனே வந்துட்டு."

வந்தது உண்மைதான். ஆனால் தொகைக்குப் பக்கத்தில் 'செபோலியா' என்று எழுதியிருந்தது. ரூபாய் மதிப்பு எதுவும் இல்லை. "ரெண்டு மாசம் கழிச்சு வெல காட்டும்னு சொன்னான்" என்றார். வாலட்டில் டெஸ்ட்நெட்டுகளைக் காட்டும் பொத்தானை எப்படி அழுத்துவது என்று போனிலேயே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான் அந்த ஆள்.

ஈதர்ஸ்கேன் என்ற எக்ஸ்ப்ளோரரை இரண்டு தடவை திறந்து அவருடைய முகவரியைப் போட்டுக் காட்டினேன். செபோலியா பக்கத்தில் 0.5. மெயின்நெட் பக்கத்தில் 0, ஒரு பரிவர்த்தனைகூட இல்லை. அவர் முகவரியை விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே நம்பர்தானே?" ஆமாம் என்றேன். "பின்ன எப்படி இதுல இல்ல?" சோதித்துப் பார்ப்பதற்காக இலவசமாகக் கொடுக்கிறது இது, எவ்வளவு வேண்டுமானாலும் உண்டாக்கலாம், விலையே கிடையாது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆறு நாளுக்கு முன்னால் நெட்வொர்க்கின் பெயரை நானே கவனிக்கவில்லை. அவரிடம் போய் எதற்குப் பார்க்கவில்லை என்று எப்படிக் கேட்பேன்?

"அந்த பைசா கிட்டுமா?"

அங்கேயே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டோம்.

ஜூன் 18, புதன்

நாகர்கோவிலுக்குச் சித்தப்பாவோடு போய் எழுத்துப் புகாரும் கொடுத்தாயிற்று. பரிவர்த்தனை எண், வந்த நேரம், அனுப்பிய முகவரி, பணம் போன வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நெட்வொர்க் என்ற இடத்தில் செபோலியா, 11155111 என்று எழுதி, இது டெஸ்ட்நெட் என்று அடிக்கோடும் போட்டேன். புகாரை வாங்கியவர் அதைத்தான் முதலில் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா, "அது உனக்கு வேலைக்கு ஒதவும்னா எடுத்துக்க மக்ளே" என்றார். ஒதவும்தான். ஆனால் கேஸ் முடியும்வரை அந்த டெஸ்ட் ஈதர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.