முள் சிக்னலில் மட்டும் ஏறியது

போன மே மாதம், ஜிஎஸ்டி ரோட்டில் குரோம்பேட்டை தாண்டி ஒரு சிக்னலில் நிற்கிறேன். ஏசி காற்றில் குளிர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது, சரி வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன், அப்புறம் தற்செயலாக மீட்டரைப் பார்த்தால் இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி சிவப்புக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. 11 வருட வண்டி, இதுவரை ஒரு நாள்கூட அந்த முள் நடுவை விட்டு நகர்ந்ததில்லை. பச்சை விழுந்து வண்டி ஓட ஆரம்பித்ததும், பெருங்களத்தூர் வருவதற்குள் முள் தானாக இறங்கிவிட்டது. ஏசியும் பழையபடி ஜில்லென்று வந்தது. வண்டலூரில் மறுபடி நெரிசல், மறுபடி முள் ஏறியது.

அன்று சமாளித்தது எப்படி என்றால், ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரையும் முழு வேகத்தில் விட்டேன். ஹீட்டருக்குள் ஓடுவதும் இன்ஜினின் சுடுதண்ணீர்தான், அதனால் கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். இன்ஜினுக்கு நல்லது, மே மாதத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவன் கதி வேறு. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

மறுநாள் வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். பானெட்டைத் தூக்கக்கூட இல்லை. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இறக்கிப் பார்த்தாதான் தெரியும், ஒரு இருபது ஆகும்" என்றார். இருபது என்றால் 20 ஆயிரம். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைத்துப் பிடிக்கும் தகடு. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

கோபத்தில் வரவில்லை, கணக்கு உதைத்ததால்தான் வந்தேன். ஹெட் கேஸ்கெட் போனால் அது சிக்னலில் மட்டும் தலைகாட்டாது. பெரும்பாலும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) தினமும் குறையும், அதன் டப்பாவில் குமிழ் குமிழாக வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், கூலண்ட் ஆயிலில் கலந்தால் ஆயில் மூடியின் அடியில் பால் விட்ட காபி மாதிரி ஒரு நுரை ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து இன்ஜின் நன்றாக ஆறியபிறகு எல்லாவற்றையும் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம், கூலண்ட் மேல்கோட்டில் அப்படியே நிற்கிறது. (ஆறியபிறகு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூடி போட்ட ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் சுடுதண்ணீரும் ஆவியுமாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறந்தாலும் இதேதான்.)

ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் விழ வேண்டும். ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது, அதற்கும் அதே ஃபேன்தான், அதனால்தான் ஏசியும் கூடவே சோர்ந்தது. நேர்மாறாக, நெடுஞ்சாலையில் ஓட ஓட முள் ஏறினால் கூலண்ட் குறைவு, அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றும் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் உப்பு படிந்து அடைப்பது நம் ஊரில் சகஜம்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எந்த ரிலே (உத்தரவு வந்ததும் கரண்ட்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச்) எங்கே என்று படம் போட்டிருக்கும், அதைப் பார்த்து ஃபேன் ரிலே மேல் விரலை வைத்துக்கொண்டு மனைவியை ஏசியைப் போடச் சொன்னேன். "டிக்" என்று விரலில் தட்டியது. உத்தரவு வருகிறது, கரண்ட்தான் போகவில்லை. அப்படியென்றால் ரிலேக்குள் காண்டாக்ட் தீய்ந்திருக்கலாம், அல்லது ஃபேன் மோட்டாரே போயிருக்கலாம்.

பக்கத்தில் ஹாரன் ரிலே, அதே நம்பர், அதே பின்கள். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு இரண்டையும் பிடுங்கினேன். ஃபேன் ரிலேயின் ஒரு பின் கறுத்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது, எரிந்த வாடைகூட இருந்தது. நல்லவேளை, செருகும் சாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகி ஏசி போட்டதும் ஃபேன் ஹோவென்று சுற்ற ஆரம்பித்தது.

அந்த ஒர்க்‌ஷாப்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் போய்ச் சொன்னது "வண்டி ஹீட் ஆகுது" என்ற ஒரே வரிதான். எப்போது ஆகிறது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பாதி நோய் அந்த "எப்போது"வில்தான் இருக்கிறது. வேகம் 80-ஐத் தொட்டால் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க், முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் முன்பக்கம் கடகடவென்றால் பெரும்பாலும் ஆக்சில் ஜாயின்ட். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி வாங்க ஓடுகிறவர்கள் முதலில் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8-க்குக் குறையாமல் 14.5-க்குள் இருந்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. ஓடும்போதும் 12-லேயே நின்றால் புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும்.

புது ரிலே, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் 220 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் அதை வாங்க அங்கே போகும்வரை ஹாரன் கிடையாது. கிண்டியில் ஒரு ஷேர் ஆட்டோ இடதுபக்கம் உரசுகிற மாதிரி வந்தபோது கை தானாக ஸ்டியரிங் நடுவில் ஓங்கி அமுக்கியது, ஒரு சத்தமும் வரவில்லை, கண்ணாடியை இறக்கி வாயால்தான் கத்தினேன்.