அப்பாவின் டிரங்குப் பெட்டி

நேற்று அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, ரப்பர் பேண்டு இற்றுப்போன ஒரு கட்டு சிக்கியது. எல்லாம் லாட்டரிச் சீட்டுகள். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகும் மனிதர் விடவில்லை. வாளையாறு தாண்டிப் போய்க் கேரளச் சீட்டு வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் பங்கு பிரித்த கணக்கு: அக்கா கல்யாணம், ஒழுகும் கூரை, எனக்கு ஒரு சைக்கிள்.

விழாத பரிசுக்குப் போட்ட அந்தக் கணக்கிலும் தப்பு! பிடித்தத்தையே மறந்துவிட்டார். கேரள அரசு இப்போது நடத்தும் ஓணம் பம்பர் லாட்டரியில் 25 கோடி விழுந்தாலும், ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வரி 30 சதவீதம் போகக் கைக்கு வருவது 15.75 கோடியைத் தாண்டாது.

பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை ஊகித்துப் பணம் கட்டும் மூன்று எண் சீட்டு என்று திருட்டுத்தனமாக விற்கிறார்களே, அதை அப்பா தொட்டதேயில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. விழுந்தாலும் பணம் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

சைக்கிள் வந்தது. அம்மா தெருவில் மாதச் சீட்டுக் கட்டி வாங்கித் தந்தார்.