மேக்ஸ்வெல் வட்டு: மூன்று நிறத்தில் ஒரு சாம்பல்

இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1855-ல் எழுதிய நிறச் சோதனைகளில் வரும் சுழல் வட்டை, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வைத்து வீட்டிலேயே செய்திருக்கிறேன். இப்போது நன்றாக ஓடுகிறது.

வேலையெல்லாம் தட்டுகளில்தான். கெட்டித் தாளில் போஸ்டர் கலர் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் பெரிய வட்டங்கள். அவற்றின் மேல் கருப்பு, வெள்ளைச் சிறிய வட்டங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு வெட்டு. அதன் வழியே ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துத் திருப்பினால், எந்த நிறம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வெளியே தெரியும். வெட்டு விளிம்பு சுழலும் திசைக்குப் பின்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்று தூக்கிவிடும்.

நோக்கம் இதுதான்: வட்டு வேகமாகச் சுழலும்போது, வெளியே மூன்று நிறமும் கலந்து தெரியும் வளையமும், உள்ளே கருப்பு வெள்ளை கலந்த வட்டமும் ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும். மேக்ஸ்வெல்லின் கணக்கில் நூற்றுக்கு 37 பங்கு சிவப்பு, 27 நீலம், 36 பச்சை சேர்ந்தது, 28 வெள்ளையும் 72 கருப்பும் சேர்ந்த சாம்பலுக்குச் சமம். பள்ளியில் நியூட்டன் வட்டு வெள்ளையாகத் தெரியும் என்று படித்தோமே, அது நடக்காது. ஒவ்வொரு தாளும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. சராசரி எப்படி வெள்ளையாகும்?

என் போஸ்டர் கலருக்குப் பச்சை கூடுதலாகத் தேவைப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தபோது, ஒரு கட்டத்தில் இரண்டு வளையங்களுக்கும் நடுவிலிருந்த கோடே மறைந்துவிட்டது! கண்ணுக்குள் வருவது இரண்டு வேறு ஒளிக்கலவைகள். ஆனால் விழித்திரையின் மூன்று வகைக் கூம்புச் செல்களையும் இரண்டும் ஒரே அளவில் தூண்டுவதால் மூளைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. டிவி திரை மூன்றே நிறப்புள்ளிகளை வைத்துக்கொண்டு இத்தனை நிறங்களைக் காட்டுவதும் இதனால்தான்.

இது ஜன்னல் வெளிச்சத்தில் கிடைத்த சமன். இரவில் குண்டு பல்பின் கீழ் அதே வட்டைச் சுற்றினேன். கோடு திரும்பத் தெரிந்தது. வெளி வளையத்தில் லேசான நிறச்சாயல். ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பவர்கள் செய்வது மிகச் சரியான காரியம்.

அடுத்து, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் நண்பர் ஒருவர் வருகிறார். அப்படிப்பட்ட கண்களுக்குச் சமன் காட்ட மூன்று வண்ணங்கள் தேவையில்லை, ஒன்று குறைவாகவே போதும் என்று மேக்ஸ்வெல் கண்டிருந்தார். பச்சையை எடுத்துவிட்டு, சிவப்பையும் நீலத்தையும் மட்டும் அவரையே திருப்பிப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.